ஏசம்மாள் கேட்ட கேசட்

ஸ்ரீவில்லிபுத்தூர்
14-11-1994

இட்டார்சியில் இருக்கும் ஏசம்மாளுக்கு,

உன் அப்பா ஸ்தானத்திலிருந்து எழுதுவதாகத்தான் முதலில் ஆரம்பித்தேன். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். உன் சிநேகிதி அரவிந்தவல்லியின் அப்பா சடகோபன் எழுதுகிறேன் என்று மட்டும் வைத்துக்கொள். நீயும் உன் வீட்டுக்காரரும் குழந்தையும் நன்றாக இருக்க வேண்டும். இங்கே நானும் மாமியும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம்.

உன் கடிதம் தீபாவளிக்கு மறுநாள் வந்தது. மாமிதான் உறையைப் பிரித்து, நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உரக்கப் படித்தாள். உங்கள் ரயில்வே காலனி இன்ஸ்டிடியூட் ஹாலில் ஒரு பியானோ இருப்பதும், கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு வயலின் வாசிக்கிற வங்காளத்துக்காரர் ஒருவர் பியானோ வாசிக்க ஆள் தேடுவதும், உன் வீட்டுக்காரர் உன்னைக் கேட்காமலே உன் பேரைக் கொடுத்துவிட்டதும் தெரிந்தது. மாத முடிவுக்குள் சரி அல்லது இல்லை என்று நீ பதில் சொல்ல வேண்டும். கடைசியில், “மாமா, அன்னைக்கு சர்ச் ஹால்ல பதிவு பண்ணின கேசட் உங்ககிட்ட இருந்தா ஒரு காப்பி அனுப்புங்க. நான் எம்புட்டு மோசமா வாசிச்சேன்னு ஒரு தடவ காதால கேட்டுட்டா, முடியாதுன்னு சொல்லிட்டு நிம்மதியா இருந்துருவேன்” என்று எழுதியிருந்தாய்.

அந்த வரியை மாமி இரண்டு தரம் படித்தாள். பிறகு கடிதத்தை மடித்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மோர் எடுக்கப் போய்விட்டாள். நான் மோர் சாதம் சாப்பிடவில்லை.

பதில் எழுதப் பத்து நாளாகிவிட்டது. மழை, கரண்ட் இல்லை, கேசட்டைத் தேட வேண்டியிருந்தது என்று மூன்று காரணம் வைத்திருந்தேன். மூன்றும் பொய். மழை இந்தப் பக்கம் இந்த வருஷம் சரியாகப் பெய்யவே இல்லை. கேசட் எங்கே இருக்கிறது என்று ஒன்பது வருஷமாக ஒரு நாள்கூட எனக்கு மறந்ததில்லை. பீரோவில் மேல்தட்டு, மாமியின் கல்யாணப் புடவைக்கு அடியில்.

போன வெள்ளிக்கிழமை ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் உன் அப்பாவைப் பார்த்தேன். பால்துரைக்கு இப்போது வலது முழங்கால் மடக்க வரவில்லை போலிருக்கிறது, ஆலங்குளம் பஸ்ஸில் படியேறக் கஷ்டப்பட்டார். ஓடிப்போய்க் கை கொடுத்திருக்க வேண்டும். நான் கொய்யாப்பழக் கூடைக்காரியிடம் பேரம் பேசுகிறவன் மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவர் பார்த்திருந்தால், “சாமி, சௌக்கியமா இருக்கீயளா” என்று கும்பிட்டிருப்பார். அதைத் தாங்க முடியாது என்றுதான் நின்றேன். இப்படித்தான் ஒன்பது வருஷம் போயிருக்கிறது.

சுற்றி வளைக்கிறேன். விஷயத்துக்கு வருகிறேன்.

நீ மோசமாக வாசிக்கவில்லை. அன்றைக்கு உன் பியானோவின் சத்தத்தை அமுக்கியது நான்.

நீயும் அரவிந்தவல்லியும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு, ஒரே வாத்தியார். வேதசிரோமணி சார் அவளுக்கு மேல்நாட்டு வயலினும் உனக்குப் பியானோவும் சொல்லிக்கொடுத்தார். சென்னையில் அந்த இசைப் பள்ளி உதவித்தொகையோடு மாணவர்களைச் சேர்க்கிறது என்று தெரிந்ததும் இரண்டு பேருக்கும் சேர்த்து விண்ணப்பம் போட்டது அவர்தான். சபை முன்னால் ஒரே மூச்சில், நிறுத்தாமல் வாசித்த பதிவு வேண்டும் என்று அவர்கள் கேட்டிருந்தார்கள். வயலினும் பியானோவும் சேர்ந்து வாசிக்கிற உருப்படி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எண்பத்தைந்து ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி சாயங்காலம் நாலு மணிக்கு சர்ச் ஹாலில் வைத்தார். டேப் டெக்கும் மைக்கும் என்னுடையவை. ஊரில் எந்த உபன்யாசம் என்றாலும் பதிவு செய்யக் கிளம்பிவிடுகிற பைத்தியம் நான் என்பது உனக்குத் தெரியும். அதனால் பதிவு என் பொறுப்பு, ஹால் சாவியும் என் கையில்.

அதற்கு முதல்நாள் ஒத்திகையில் மைக்கைச் சோதிக்க ஒரு கேசட் போட்டேன். நீங்கள் வாசித்ததை முழுசாகப் பதிந்துகொண்டு வீட்டுக்கு வந்து கேட்டேன். கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரிந்தது. என் பெண்ணைக் காணோம் என்று தோன்றியது. பியானோ மழைத்தண்ணீர் கண்மாயில் இறங்குகிற மாதிரி நிறைந்து வருகிறது, வயலின் அதன் நடுவில் மிதக்கிறது. இன்றைக்குக் கேட்டால் அதுதான் அழகு என்று எனக்கே தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை.

நான் கச்சேரி கேட்டு வளர்ந்தவன். எங்கள் கச்சேரியில் வயலின் என்றால் பக்கவாத்தியம். பாடுகிறவர் முன்னால் போவார், வயலின் பின்னால் வரும். மிஞ்சி வாசித்தால் பாடகர் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார், வில் அடங்கிவிடும். என் தங்கை அப்படி இருபது வருஷம் அடுத்தவர் பாட்டுக்குப் பின்னால் வாசித்துக் கடைசியில் பேர்கூட நோட்டீசில் வராமல் நிறுத்திக்கொண்டவள். அரவிந்தவல்லி மேல்நாட்டு வயலின் என்று போனபோது எனக்கு ஒரே பெருமை, இனி இவள்தான் மேடை நடுவில் நிற்பாள், பியானோ இவளுக்குப் பக்கவாத்தியம் என்று. அந்தக் கச்சேரி நோட்டீஸைக்கூட நான்தான் எழுதினேன். அவள் பேரைப் பட்டையாக எழுதி, கீழே சின்னதாக ‘பியானோ: பா. ஏசம்மாள்’ என்று போட்டேன். வேதசிரோமணி சார் அதைப் பார்த்துவிட்டு, “சடகோபன் சார், இதுல மெயின், பக்கவாத்தியம்னு ஒண்ணும் கெடையாது. ரெண்டு பேரும் சரிக்குச் சரியாப் பேசிக்கிடுதாக. ஒருத்தி கதை சொல்ல ஒருத்தி உம் கொட்டுத சோலி இல்ல” என்றார். சரி சரி என்று தலையாட்டினேன். மாற்றி எழுதவில்லை.

சுதந்திர தினத்தன்று காலையில் எல்லாரும் பள்ளி மைதானத்தில் கொடியேற்றத்துக்குப் போயிருந்தீர்கள். ஹாலில் யாரும் இல்லை. மைக் வயர் போட்ட பையில் வீட்டிலிருந்து பஞ்சுச் சுருள் ஆறு எடுத்துப் போனேன். ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த கம்பெனியில் ஆஸ்பத்திரிப் பஞ்சுதான் தயார் செய்வோம் என்று உனக்கு நினைவிருக்கும். சரியாகச் சுருளாத பஞ்சைத் தலையணைக்கும் விளக்குத் திரிக்கும் என்று வீட்டுக்குக் கொண்டுவருவது என்னைப் போன்ற ஸ்டோர்காரர்களுக்கு வழக்கம். அந்தப் பியானோவைச் சுவரிலிருந்து அரை அடி நகர்த்தினேன். பின்பக்கம் பெரிய மரப்பலகை ஒன்று இருக்கிறதே, சத்தம் அங்கிருந்துதான் பெருகி வருகிறது என்று ஒரு தடவை சார் சொல்லியிருந்தார். அந்தப் பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஆறு சுருளையும் இறுக்கித் திணித்தேன். பிறகு சுவரோடு தள்ளிவிட்டேன். ஒரு கட்டையை அழுத்திப் பார்த்தேன். பக்கத்துத் தெருவில் யாரோ வாசிக்கிற மாதிரி கேட்டது. திருப்தியாக இருந்தது. இதை மறைக்காமல் எழுதுகிறேன், அப்போது திருப்தியாகத்தான் இருந்தது.

கச்சேரியைச் சரிப்படுத்துகிறேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உனக்குக் கெடுதல் என்கிற நினைப்பே வரவில்லை என்று எழுத ஆசை. ஆனால் ஒரு கேள்வியைப் பல தடவை கேட்டுப் பார்த்திருக்கிறேன். பியானோவில் உட்காரப்போவது நீயாக இல்லாமல் என் தங்கை பெண்ணாக இருந்திருந்தால் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பேனா? பதில் எனக்குப் பிடிக்கவில்லை. அதை இதற்கு மேல் விரித்து எழுத எனக்குத் தைரியம் இல்லை, நீயே புரிந்துகொள்வாய்.

சாயங்காலம் நடந்தது உனக்குத் தெரியும். பதிவில் இரைச்சல் விழும் என்று மின்விசிறிகளை நிறுத்தச் சொன்னவன் நான். ஐம்பது அறுபது பேர் நோட்டீஸால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முதல் பகுதி முடிந்ததும் முடிந்துவிட்டதென்று நினைத்துக் கைதட்டினார்கள், சார் கையைத் தூக்கி நிறுத்தினார். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ முதலில் உன் கையைப் பார்த்தாய். பிறகு சாரைப் பார்த்தாய். அப்புறம் இன்னும் ஓங்கி அழுத்த ஆரம்பித்தாய். இரண்டாவது பகுதியில் பியானோ மட்டும் தனியாக வருகிற இடத்தில் சபையில் ஒரு கிழவர் காதில் கையை வைத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். மூன்றாவது பகுதியில் நீ முழுப் பலத்தையும் போட்டு அடித்ததில் விரல் தடுக்கி ஓர் இடத்தில் நின்றே விட்டது. அரவிந்தவல்லி உனக்காக வில்லைத் தூக்கியபடி காத்திருந்தாள். அந்த மூன்று விநாடி கேசட்டில் இருக்கிறது. அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு பஸ் ஹாரன் அடிக்கிறது.

முடிந்தபிறகு நீ ஜன்னலோரம் நின்று விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாய். நான் பக்கத்தில் வந்து, “பரவாயில்லம்மா, சபையைப் பார்த்தா பதற்றம் வரத்தான் செய்யும்” என்றேன். உன் தலையில் கைகூட வைத்தேன். ஏசம்மா, பஞ்சு வைத்ததைவிட அந்தக் கையை நினைத்தால்தான் எனக்கு உடம்பு கூசுகிறது.

எல்லாரும் போனபிறகு வயர் சுருட்டுகிற சாக்கில் பஞ்சை எடுத்துவிட்டேன். அன்றைக்கு எல்லாரும் பியானோவைத்தான் குறை சொன்னார்கள், துரைமார் விட்டுப்போன பழைய பெட்டி, ஈரம் இறங்கியிருக்கும் என்று. அப்படியே போயிருந்தால் உனக்குக் கெட்ட பேர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அதே ஹாலில் சார் உட்கார்ந்து வாசித்தார். ஹால் அதிர்ந்தது. அவர் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அப்புறம் உன்னிடம், “பயந்துட்டியாம்மா” என்று மட்டும் கேட்டாராம். அந்த நாளிலிருந்து குறை பியானோவை விட்டு உன் மேல் வந்துவிட்டது. இதை நான் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்க்காதது உண்மை. தெரிந்தபிறகும் வாயைத் திறக்காததும் உண்மை.

சென்னையிலிருந்து பதில் வந்தது. வயலினுக்கு இடம் உண்டு. பியானோ வாசித்த மாணவியின் விரல்களுக்குப் போதிய வலு இல்லை. உன் அப்பா மறுநாளே ஆலங்குளம் சிமெண்ட் ஆலையிலிருந்து தூசி போகாத சட்டையோடு ஒரு சீப்பு வாழைப்பழமும் கற்கண்டும் வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். “ரெண்டுல ஒண்ணாவது போகுதே சாமி, அதுவும் நம்ம புள்ளதானே” என்றார். அந்தக் கற்கண்டை நான் தின்றேன்.

16-11-94

முந்தாநாள் அதோடு நிறுத்திவிட்டேன். 

இன்னும் இரண்டு இருக்கிறது. சொல்லி முடித்துவிடுகிறேன்.

அரவிந்தவல்லி சென்னைக்குப் போன புதிதில் உனக்கு வாரம் ஒரு கடிதம் போட்டாள். நீ ஒன்றிரண்டுக்குப் பதில் எழுதி அப்புறம் நிறுத்திவிட்டாய். அவள் பொங்கலுக்கு வந்தபோது அழுதுகொண்டே கேட்டாள், நான் என்னப்பா தப்பு பண்ணினேன், ஏசு ஏன் பேசமாட்டேங்கறா என்று. நான் சொன்ன பதில் இது: “அவளுக்குப் பொறாமைம்மா. விடு, தானா சரியாகும்.” அவள் நம்பினாள். அப்பா சொன்னால் நம்பாமல் என்ன செய்வாள். உங்கள் இரண்டு பேர் நடுவிலும் அப்படி ஒரு பஞ்சுச் சுருளைத் திணித்துவிட்டேன். இப்போது அவள் சென்னையில் ஒரு பள்ளியில் வயலின் சொல்லிக்கொடுக்கிறாள், ஒரு பெண் குழந்தை இருக்கிறது. உன் பேரை எடுத்தால் பேச்சை மாற்றுவாள்.

இன்னொன்று. நீ ராஜபாளையத்தில் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாள் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாய். “மாமா, நான் அடிச்சா ‘ஓ’ எழுத்துல எல்லாம் ஓட்ட விழுதாம். பேப்பரு சல்லடையா போச்சுன்னு வாத்தியாரு வையுதாரு” என்று சொல்லிச் சிரித்தாய். விரலில் வலு இல்லாத பெண் அடித்த அடி. நானும் சிரித்தேன். அன்றைக்குப் பஸ் ஸ்ரீவில்லிபுத்தூரை விட்டுக் கிருஷ்ணன்கோவிலைத் தாண்டியும் இறங்கத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

நேற்று மாமியிடம் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, “அன்னிக்குக் கம்பெனி லீவு. ஆனா வேஷ்டி பூரா பஞ்சு ஒட்டிண்டு வந்தேள். என்னமோ பண்ணியிருக்கேள்னு தெரியும். என்னன்னு கேட்க எனக்குப் பயமா இருந்தது” என்றாள். அப்புறம், கேட்காமல் இருந்ததற்குத் தன்னையும் சேர்த்து எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன். ஆனால் குற்றம் அவளுடையது இல்லை.

இதோடு இரண்டு கேசட் பதிவுத் தபாலில் வருகிறது. சிவப்பு மை தடவியது நீ கேட்ட கேசட், கச்சேரிப் பதிவு. கேட்க வேண்டுமானால் கேள், நீ கேட்டது என்பதால் அனுப்புகிறேன். மற்றது ஒத்திகைப் பதிவு. அதை அழித்துவிடலாம் என்று ஒரு தடவை ரேடியோவை வைத்து மேலே பதிய ஆரம்பித்தேன். ஐந்து நிமிஷத்துக்குமேல் முடியவில்லை, பட்டனை அமுக்கி நிறுத்திவிட்டேன். அதனால் ஆரம்பத்தில் யாரோ ஒருவர் நிலக்கடலைக்கு ஜிப்சம் போடுவது பற்றிப் பேசுவார். அவர் பேச்சு அறுந்ததும் நடுவிலிருந்து உன் பியானோ வரும். சத்தத்தைக் கூட்ட வேண்டாம், அதுவே நிறைந்து வரும். பதினேழு வயதில் உன் விரல் எப்படி இருந்தது என்பதற்கு அது சாட்சி. அந்தச் சாட்சியைப் புடவைக்கு அடியில் போட்டு வைத்திருந்தேன்.

அரவிந்தவல்லிக்கும் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். முதலில் அந்தக் கடிதத்தை ஒட்டாமல் இதே உறையில் வைத்து, அவளுக்குப் போடுவதா கிழித்துப் போடுவதா என்பதை உன் இஷ்டத்துக்கு விட்டுவிடலாம் என்று நினைத்தேன். பெருந்தன்மை மாதிரி இருந்தது. சற்று யோசித்தால், என் பெண்ணின் முகத்தைப் பார்க்கிற பயத்தை உன் தலையில் கட்டுகிற வேலை அது. அதனால் இன்று காலை அவள் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்துதான் இதை முடிக்கிறேன். வேதசிரோமணி சார் இப்போது பாளையங்கோட்டையில் மகன் வீட்டில் இருக்கிறார், அவருக்கும் எழுதியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஆலங்குளம் போய் உன் அப்பாவை நேரில் பார்க்கப் போகிறேன். அவர் என்னைச் சாமி என்று கூப்பிடுவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். அவர் அடித்தால் வாங்கிக்கொள்வேன். அடிக்கமாட்டார் என்பதுதான் பயமாக இருக்கிறது.

அரவிந்தவல்லியின் மேல் உனக்குக் கோபம் இருந்தால் அதை என் மேல் மாற்றிக்கொள். அவள் தேறியது அவள் வாசிப்பால்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இனி அவளுக்கும் தெரியாது. அதையும் நான்தான் கெடுத்தேன்.

பெரியவர்கள் கடிதம் முடிக்கிற இடத்தில் ஆசீர்வாதம் என்று போடுவது வழக்கம். நான் போடவில்லை. மன்னிக்கச் சொல்லியும் கேட்கவில்லை, கேட்டால் நீ மன்னித்துவிடுவாய், உன் குணம் எனக்குத் தெரியும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இன்ஸ்டிடியூட்காரர்களிடம் சரி என்று சொல். வாசிக்க உட்காருகிற அன்று, ஆள் வைத்து அந்தப் பியானோவைச் சுவரிலிருந்து ஒரு முழம் நகர்த்தச் சொல்லி, பின்னால் நீயே கையை விட்டுத் தடவிப் பார். சாவி வைத்திருப்பவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், உன்னை வாய் நிறைய அம்மா என்று கூப்பிடுகிறவராக இருந்தாலும், பார்த்துவிட்டு உட்கார் குழந்தே.

தலைகுனிவுடன்,
சடகோபன்